உங்கள் காதில் கோளாறு இல்லை

குன்னூரில் யூகலேலே சொல்லிக்கொடுக்கிறேன்; கிட்டாரின் சாயலில், நான்கு தந்திகள் கொண்ட சிறு கருவி அது. வாங்கிய மூன்றாவது வாரமே கருவியை உறைக்குள் போட்டு அலமாரியில் ஏற்றிவிட்டவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு ஸ்ருதி ஞானம் இல்லை, சார்." நான் இதை ஏற்பதில்லை. ஸ்ருதி கலைந்திருப்பது காதை உறுத்தியதால்தானே மூடி வைத்தார்கள்?

போன நவம்பரில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில், கோத்தகிரியிலிருந்து ஒரு சிறுமி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். புத்தம்புதுக் கருவி. ஒவ்வொரு வாரமும் நான்கு தந்திகளும் தொங்கிப்போய் வரும். நான் ஏற்றி அனுப்புவேன். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. தந்தியை முறுக்கும் திருகாணிகளைச் சந்தேகப்பட்டேன், குதிரையில், அதாவது பலகைமேல் தந்திகளின் அடிமுனையைக் கட்டும் கட்டையில், போட்ட முடிச்சுகளைப் பிரித்துக் கட்டினேன். நான்காவது வாரம் அவளுடைய தாத்தா துணைக்கு வந்தார். "ராத்திரி நான்தான் தளர்த்தி வைக்கிறேன் தம்பி. எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அறுந்துவிடாதா?" என்றார். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். நிற்கும் இயந்திரத்தின் பெல்ட்டை இளக்கி வைத்த கை அது.

யூகலேலேவுக்கு அந்தக் கரிசனம்தான் எதிரி. நைலான் தந்தி புதிதாக இருக்கும்போது இழுவிசையில் நாள்கணக்காக நீண்டுகொண்டே போகும். நீண்டு முடித்த பிறகுதான் நிலைக்கும். தினமும் தளர்த்தினால் அந்த நீட்சி முடிவதே இல்லை. அதனால் ஸ்ருதி சேர்த்தபின் ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து, ஒரு விரற்கடை உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி இழுத்துவிடுங்கள். ஸ்ருதி இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்து, இறுக்கமாகவே உறையில் வையுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தினமும் சேர்க்கத்தான் வேண்டும். அது பழுது இல்லை.

சேர்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்ருதியைத் தாண்டிவிட்டால் அப்படியே இறக்கிச் சரிசெய்யாதீர்கள். தேவைக்குக் கீழே இறக்கி, பிறகு ஏற்றி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கினால் திருகாணியின் பல்சக்கரத்தில் தளர்ச்சி மிச்சமிருக்கும். இரண்டு முறை மீட்டியதும் ஸ்ருதி கலைந்துவிடும்.

ஸ்ருதி சரியா என்று காட்டும் ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் போதும் என்பது இன்னொரு பொறி. பல கிளிப் ட்யூனர்களில் கிட்டார் என்றும் யூகலேலே என்றும் தனித்தனி நிலைகள் உண்டு. கிட்டார் நிலையில் 'சி' என்ற எழுத்தே கிடையாது. பிள்ளைகள் 'சி'யில் நிற்க வேண்டிய மூன்றாம் தந்தியை 'டி' வரை முறுக்கிவிட்டு, "பச்சை வந்துவிட்டது" என்கிறார்கள். திரையில் 440 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்; ட்யூனர் அளவுகோலாகக் கொள்ளும் 'ஏ' ஸ்வரத்தின் அதிர்வெண் அது. எங்கள் குழுவில் ஒரு பையனின் கருவி தனியாக வாசித்தால் இனிமை, மற்றவர்களோடு சேர்ந்தால் கசப்பு. கைபட்டு அந்த எண் 435 ஆகியிருந்தது!

நான்காம் தந்தி கிட்டார்போல் கனமாக ஒலிக்கவில்லை என்று கடையோடு சண்டைக்குப் போன அப்பாக்களும் உண்டு. வழக்கமான யூகலேலேவில் அது உயர்ந்த 'ஜி'தான். ஜி, சி, ஈ, ஏ என்ற வரிசை நம் கணக்கில், ஒரு கட்டை ஸ்ருதிக்கு, அதாவது 'சி'யை ஸட்ஜமாக வைத்தால், ப ச க த. ஏறுவரிசையில் பாடினால் ச க ப த, அதாவது ரிஷபம் இல்லாத மோகனம். பாட்டு கற்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால், ட்யூனர் தவறாகக் காட்டும்போது அவர்களே முகம் சுளிக்கிறார்கள்.

மலையின் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் வெயிலிலிருந்து பஸ் ஏறி வந்த கருவியை இறங்கியவுடன் திருகாதீர்கள். அறையின் குளிருக்கு அது பழக அரைமணி நேரம் கொடுங்கள். மூடுபனி நாட்களில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஸ்ருதி நகரும். அதற்காகக் கணப்புக்கு அருகில் வைப்பது அதைவிட மோசம். வறண்ட சூட்டில் பலகையில் விரிசல் விழும், குதிரை பெயர்ந்து வரும்.

இவ்வளவும் செய்து, தந்தி நிலைத்த பிறகும் அபஸ்வரம் என்றால்? வெறும் தந்தியை மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாம் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளே மெட்டுகள்) அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். வராவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுங்கள். முதல் மெட்டில் மட்டும் ஸ்ருதி ஏறி ஒலித்தால், ஒன்று நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள்; இல்லையேல் திருகாணிகளுக்குக் கீழே தந்திகள் உட்காரும் பட்டையில் பள்ளம் போதிய ஆழமில்லை. பின்னதைப் பழகிய கைதான் அராவ வேண்டும். என் மாணவர் ஒருவர் வீட்டிலேயே அரத்தை எடுத்தார். பள்ளம் கூடுதலாக இறங்கி, தந்தி மெட்டில் உரசி இரைந்தது. கடைசியில் புதுப் பட்டை போட வேண்டியதாயிற்று.