மேனிஃபெஸ்ட்: கையில் பிறந்த சொல்

கொடைக்கானலில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், போன மாதம் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றான். "அண்ணே, பழைய ஆயிலை எடுக்க வந்தவர் மேனிஃபெஸ்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வெளியிடுவார்களே, அதுவா இது?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அகராதியைப் புரட்டிய பிறகுதான் அவன் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது தெரிந்தது.

லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. அதை முன்பாதியாகக் கொண்ட 'மேனிஃபெஸ்டுஸ்' என்ற சொல், கையில் அகப்பட்டது என்ற கருத்தில் வழங்கியது. ரோமானியர் சட்டத்தில், திருடும்போதே பிடிபட்டவனின் குற்றத்துக்கு 'ஃபுர்டும் மேனிஃபெஸ்டும்' என்று பெயர். அப்படி அகப்பட்டவன் பொருளின் மதிப்பைப் போல நான்கு மடங்கு கட்ட வேண்டும். பிறகு கண்டுபிடிக்கப்பட்டவனுக்கு இரண்டு மடங்குதான். நாம் 'கையும் களவுமாக' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே நினைப்பு. நாளடைவில் திருட்டு உதிர்ந்துபோய் 'ஐயமின்றித் தெரிவது, வெளிப்படையானது' என்ற பொருள் மட்டும் தங்கியது. எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்தால் அது மேனிஃபெஸ்டோ. இத்தாலிய மொழி வழியாக வந்தது. கப்பலில் இன்னின்ன சரக்கு இருக்கிறது என்று சுங்கத்துக்குக் காட்டும் பட்டியல் மேனிஃபெஸ்ட். அங்கிருந்து அச்சொல் விமானத்துக்கும் கழிவு லாரிக்கும் ஏறியது.

கழிவு லாரியில் அதன் வேலை என்ன? பட்டறையில் வடிக்கிற பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயகர மற்றும் பிற கழிவுகள் விதிகள், அதைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது என்கின்றன. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வெளியேறியது என்பதைப் படிவம் 3இல் எழுதிவர வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இவை இரண்டும் பட்டறைக்காரரே எழுதும் கணக்கு. மேனிஃபெஸ்ட் எனப்படும் படிவம் 10இல் மற்றவர்களின் கையும் படுகிறது.

ஏழு பிரதி, ஏழு நிறம். வெள்ளைத் தாள், கழிவை அனுப்புகிறவர் ஏழிலும் கையெழுத்திட்ட பிறகு வாரியத்துக்குப் போகும். வெளிர்மஞ்சள், வண்டிக்காரரின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு அனுப்புகிறவரே வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் லாரியோடு மலையிறங்கும். சேருமிடத்தில் இளஞ்சிவப்புத் தாளைப் பெறுகிறவர் வைத்துக்கொள்வார், ஆரஞ்சை வண்டிக்காரரிடம் கொடுப்பார், பச்சை வாரியத்துக்கு. சாம்பல் நிறத் தாள், கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் அந்த மாநில வாரியத்துக்கு. இன்னும் ஒன்று இருக்கிறது: நீலம். அது புறப்பட்ட பட்டறைக்கே திரும்பி வர வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற ஆறும் காகிதம், நீலம்தான் ஆவணம். 200 லிட்டர் பீப்பாய் வத்தலக்குண்டுச் சாலையில் எங்காவது ஓடையோரம் கவிழ்க்கப்படாமல், போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது என்று பட்டறைக்காரருக்குச் சொல்வது அந்தத் தாள் ஒன்றுதான்.

கொடைக்கானல்காரர்களுக்கு இதை உதாரணம் காட்டி விளக்க வேண்டியதில்லை. 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குழாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன, எடை 7.4 டன் என்று அன்று செய்தி வந்தது. மேலே பாம்பார் சோலையை ஒட்டி இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் கழிவு அது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பொருள்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறின. அபாயகரக் கழிவுக்கான விதிகள் 1989லேயே வந்துவிட்டன. ஆலையின் வாசலுக்கும் மூஞ்சிக்கல் கடைக்கும் நடுவே இருந்தது சில கிலோமீட்டர் சாலைதான்.

இனி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'சரக்குப் பட்டியல்' கப்பலுக்குப் பொருந்தும். கழிவைச் சரக்கு என்றால் காது ஒப்பவில்லை. செய்தித்தாள்களில் மணல், கல் லாரிகளுக்கு வழங்கும் 'நடைச்சீட்டு' நல்ல சொல். 'ரெண்டு நடை மண் அடித்தோம்' என்று லாரிக்காரர்கள் பேசுகிற அதே நடை அதில் இருக்கிறது. ஆனால் நடைச்சீட்டு, போகலாம் என்று அரசு தரும் அனுமதி. மேனிஃபெஸ்ட்டைக் கழிவை உண்டாக்கியவரே எழுதுகிறார். அதைத் தொடுகிற ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறார். 'கைமாற்றுச் சீட்டு' என்று முதலில் யோசித்தேன். கைமாற்று என்றால் நம் ஊரில் சீட்டே இல்லாமல் வாங்கும் கடன் என்பது நினைவுக்கு வந்ததும் அடித்துவிட்டேன்.

பழைய வணிக வழக்கில் ஒரு சொல் இருக்கிறது: கைச்சாத்து. விற்றவர் கையொப்பமிட்டுத் தரும் பொருள் பட்டியலை அப்படிச் சொன்னார்கள். ஈழத்தில் இன்றும் கைச்சாத்து என்றால் கையொப்பம். ஒப்பந்தத்தில் 'கைச்சாத்திட்டனர்' என்று அங்கே செய்தி எழுதுவார்கள். பொருளின் பட்டியல், ஒப்பம் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. லத்தீன் சொல்லின் தலையில் இருக்கும் அதே கை இதன் தலையிலும் இருப்பது தற்செயல்தான், இருந்தாலும் விட்டுவிட மனம் வரவில்லை. 'கழிவுக் கைச்சாத்து' என்று நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் தடவை மட்டும் பக்கத்தில் மேனிஃபெஸ்ட் என்று போட்டுவிட்டால் வாசகர் தடுமாற மாட்டார்.

தம்பிக்கும் சொன்னேன். கோப்பின் மேலட்டையில் 'கைசாத்து' என்று 'ச்' என்ற ஒற்றெழுத்தை விழுங்கி எழுதி வைத்திருக்கிறான். உள்ளே வெளிர்மஞ்சள் தாள் ஒன்று இருக்கிறது. நீலம் இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.