படகின் பழைய தேக்குத் தளத்தை பைபர் போட்டு மூடாதீர்கள்

"அண்ணாச்சி, மேல ஒரு பைபர் அடிச்சு விட்டா ஒழுகாதுல்லா?" பழைய மரப் பாய்ப்படகு வாங்கியவர்கள் எடுத்தவுடனே இதைத்தான் கேட்கிறார்கள். பைபர் என்றால் கண்ணாடி இழையை ரெசின் என்ற பசையில் தோய்த்து ஒட்டும் உறை. போன வாரம் தூத்துக்குடியில் ஒரு படகுத் தளத்தைப் பிரித்தோம். பைபரை நெம்பியதும் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. மேலே தேக்குப் பலகை கெட்டியாகத்தான் இருந்தது. அதைத் தாங்கும் உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கியது. எத்தனை படகில்தான் இதையே பார்ப்பது!

கரையெங்கும் பைபர் வள்ளங்கள் நன்றாக உழைக்கின்றன, அதைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. ஆனால் அவை முழுக்க பைபர். மரத்தின்மேல் ஒட்டிய பைபர் கதையே வேறு. மரம் மழைக்கு ஊதும், காய்ந்த மேல்காற்றுக்குச் சுருங்கும். பைபர் அதோடு சேர்ந்து அசையாது. அதனால் பலகைகள் சேரும் பொருத்துகளில் முதலில் வெடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ரெசினும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் இற்றுப்போக வைக்கும்.

பெரும்பாலும் ஒழுகுவது பலகை இல்லை, பொருத்து. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பஞ்சுத் திரியை அடித்து இறக்கிப் புதிதாகக் கலப்பத்து செய்யுங்கள், அதாவது பொருத்தை ஒழுகாமல் அடையுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆசாரியை அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், தளம் சாம்பல் நிறமானால் மரம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெயில்பட்ட தேக்கு அப்படித்தான் இருக்கும். பளபளப்புக்காக வருஷாவருஷம் சாண்டர் ஓட்டுவதும், பிரஷர் வாஷர் அடிப்பதும் பலகையைத் தேய்த்தே தீர்த்துவிடும். மென்மையான பிரஷ், கடல் தண்ணீர் போதும். மர ரேகைக்குக் குறுக்கே தேயுங்கள்.

திருகாணித் தலையை மூட அடித்த சின்ன மரக்கட்டைகள் தெறிக்கிறதா? ஒன்றிரண்டு என்றால் குழியை ஆழமாக்கிப் புதுக்கட்டை அடிக்கலாம். தளம் முழுக்கத் தெறித்தால் மாற்றத்தான் வேண்டும். வைரம் பாய்ந்த பலகையாக வாங்குங்கள். ஓரத்தில் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், தெரிந்தால் விலை குறைவென்று ஏமாறாதீர்கள், கடலில் நிற்காது. இரும்பு ஆணி கூடவே கூடாது. வெண்கலம் அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்கள்.

மழைக்கு முன் தயவுசெய்து ஒருதடவை கீழே இறங்கி, உத்தரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புத் திட்டு இருந்தால் அதற்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள். தண்ணீர் இறங்கிய பொருத்து பல பலகை தள்ளிக்கூட இருக்கும்.