பக்கத்தில் படுப்பவரையும் கூட்டி வாருங்கள்

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" தலைவலி, மறதி, கைநடுக்கம், வலிப்பு என்று எதற்காக வந்தாலும் இதை நான் கேட்காமல் விடுவதில்லை. "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன் டாக்டர்" என்பார் நோயாளி. அதையே அவர் மனைவியிடம் கேட்டால் வேறு கதை வரும். தூங்குகிறவருக்குத் தன் தூக்கத்தில் நடப்பது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஸ்கேனில் தெரியாத பல நரம்பு நோய்களை எங்களுக்குக் காட்டிக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் பெரும்பாலும் அவர் அறைக்கு வெளியே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அறுபதைத் தாண்டிய ஒருவர் கை மரத்துப்போகிறது என்று வந்தார். மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் சாதாரணப் பிரச்சினை. மருந்துச் சீட்டு எழுதும்போதுதான் உடன் வந்த அவர் மனைவியின் கன்னம் கன்றியிருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தூக்கத்துல கத்துறாரு டாக்டர். கையையும் காலையும் வீசுறாரு. எழுப்பினா, பாம்பை அடிச்சேன்னு சொல்றாரு. அன்னிக்கு என் மேல பட்டுடுச்சு. மத்தபடி அவர் கை ஓங்குற ஆளே இல்லை."

கனவு அதிகம் வரும் தூக்கத்தை ரெம் தூக்கம் என்கிறோம். அந்த நேரத்தில் கண்ணையும் மூச்சுவிடும் தசையையும் விட்டுவிட்டு, மற்ற தசைகளை மூளைத்தண்டு அடக்கி வைத்திருக்கும். கனவில் நாய் துரத்தினாலும் நாம் கட்டிலில் அசையாமல் கிடப்பது அதனால்தான். அந்தக் கட்டுப்பாடு போய்விட்டால் கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்துவிடும். 1986-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மாஹோவால்ட் என்ற மருத்துவர்கள் இருவரும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள்.

கெட்ட கனவு என்று இதை விட்டுவிடக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஐம்பதுக்கு மேல் இது வருகிறவர்களில் பலருக்கு, வருடங்கள் கழித்துப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயோ அதன் வகையைச் சேர்ந்த மறதி நோயோ வருகிறது. பல நாட்டுத் தூக்க மையங்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 12 வருடத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அப்படி ஆகும் என்று கணக்கிட்டது. மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் அந்த நோயின் முன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அவரிடம் அவற்றைப் பற்றிக் கேட்டேன். இரண்டாவதற்கு அந்த அம்மாவே பதில் சொன்னார்: "பால் தீய்ஞ்சு வீடே நாறினாலும் இவருக்குத் தெரியாது."

மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இது வரலாம் என்பதால் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பார்ப்போம். பிறகு ஓர் இரவு தூக்க ஆய்வு. தலை, கண்ணோரம், முகவாய், கால்களில் கம்பிகள் ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டித் தூங்கவைப்போம். வலியே இல்லாத பரிசோதனை. மூச்சுத் திணறி விழிப்பவரும் இதே மாதிரி கை கால் வீசலாம் என்பதால் இது தேவை. நோய் உறுதியானால் மெலடோனின் அல்லது குறைந்த அளவில் குளோனசெபம் தருகிறோம். கட்டிலைத் தாழ்வாக்கி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பொருளையும் கூர்முனை மேசையையும் எடுத்துவிடச் சொல்வோம். பின்னால் வரக்கூடிய பார்க்கின்சனைத் தடுக்க இன்னும் மருந்து இல்லை. அதை நான் மறைப்பதில்லை. தினமும் உடற்பயிற்சி, வருடா வருடம் பரிசோதனை என்று சொல்லி அனுப்புகிறேன்.

இதற்கு நேர்மாறானது 'அமுக்குவான் பேய்'. விழிப்பு வந்த பிறகும் தசைகளின் அடக்கம் சில நொடிகளோ நிமிடங்களோ நீடிப்பதுதான் அது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். எப்போதாவது வந்தால் பயமே வேண்டாம். ஆனால் பகலிலும் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் துவண்டுபோவது இதெல்லாம் சேர்ந்திருந்தால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம், காட்ட வேண்டும்.

அடுத்தது குறட்டை. நம் வீடுகளில் இதை அசதித் தூக்கம் என்று நினைக்கிறோம். குறட்டை சட்டென்று நின்று, பத்து நொடிக்கு மேல் சத்தமே இல்லாமல், அப்புறம் ஒரு பெரிய திணறலோடு மறுபடி தொடங்கினால் தொண்டை அடைத்து மூச்சு நின்றிருக்கிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி மூச்சு தடைப்பட்டால் கடுமையான நிலை. காலைத் தலைவலி, மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தம், வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது, கடைசியில் பக்கவாதம் வரை இதன் கை நீளும். எடை குறைப்பதும் மதுவை விடுவதும் உதவும். கடுமையான நிலைக்குச் சிபேப் கருவிதான் முதல் சிகிச்சை. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வெளியிட்ட முறை இது. முகமூடி வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாது. முதல் வாரம் தொந்தரவாகத்தான் இருக்கும். அதோடு பரண் மேல் ஏற்றிவிடாதீர்கள், முகமூடியின் அளவை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

மாலையானதும் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது, நடந்தால்தான் அடங்குகிறது என்பவர்களுக்கு முதலில் ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு, பார்க்க வேண்டும். 75-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து கொடுத்தாலே பலர் தேறுகிறார்கள்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அம்மாதான் சாட்சி. பரீட்சைக்கு விடிய விடிய படித்துவிட்டு எழுந்த காலையில், கை வெட்டி இழுத்து பல் துலக்கும் பிரஷ் தெறித்து விழும், காபி டம்ளர் கை நழுவும். 'கவனம் இல்லை' என்று திட்டு வாங்கும் இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஒருவகை வலிப்பு நோய். கேட்டால்தான் சொல்வார்கள். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் இந்த வகையை மோசமாக்கலாம் என்பதால் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வால்புரோவேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் பின்னாளில் கருவைப் பாதிக்கும் என்பதால் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லெவெட்டிராசெட்டம் தருகிறோம். கூடவே, நேரத்துக்குத் தூக்கம்.

தூக்கத்தில் முழு வலிப்பே வந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்பு, சாவிக்கொத்து எதையும் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் விளக்கைப் போட்டு, முகமும் கைகளும் தெரியும்படி செல்போனில் படம் எடுக்கட்டும். மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்த வீடியோவோடு, எடுத்தவரையும் கூட்டி வாருங்கள்.