புளியமுத்து அடைத்த பந்து

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்கு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே பந்தை எறிந்தோ உருட்டியோ ஆடும் போச்சா ஆட்டத்தில் ஆசை. தார்சாவில் சக்கர நாற்காலியைப் போட்டு ரப்பர் பந்தால் பழகுகிறான். "பந்து நிக்கவே மாட்டேங்கு சார், வாசப்படி தாண்டி ஓடுது. போட்டியில ஆடுதவங்க பந்து மட்டும் எப்படி நிக்கி?"

ஆட்டம் எளிது. 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தளம். ஒரு வெள்ளைப் பந்து. ஒரு தரப்புக்குச் சிவப்பு ஆறு, மறு தரப்புக்கு நீலம் ஆறு. வெள்ளையை யார் பந்து நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு.

சூட்சுமம் பந்தின் வயிற்றில் இருக்கிறது. ரப்பர் பந்து உருளும்போது அடிப்பக்கம் லேசாக நசுங்கி உடனே நிமிரும். நசுக்கச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி திரும்பிவிடும். போச்சா பந்துக்குள் இருப்பதோ பிளாஸ்டிக் குருணை. ஒவ்வொரு சுற்றிலும் மணிகள் மேலேறும், சரியும், ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் ஆற்றல் வெப்பமாகிப் போய்விடும், திரும்பாது. ஒரு பந்துக்குள் ஆயிரக்கணக்கான குட்டி பிரேக்குகள்! இடுப்புயரத்திலிருந்து போட்டால் துள்ளாமல் சொத்தென்று உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் போய் அமர மெத்தென்ற பந்து, எதிராளியின் பந்தைத் தள்ள இறுகிய பந்து என்று வீரர்கள் பார்த்துப் பொறுக்குவார்கள்.

கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப்பலகையில் உருட்டுவார்கள், சிலர் தலையில் மாட்டிய கம்பால் தள்ளிவிட்டு. பந்தைத் தடுக்கும் விசை ஏறத்தாழ மாறாது என்பதால், இரு மடங்கு உயரத்தில் விட்டால் ஏறக்குறைய இரு மடங்கு தூரம் போகும். பலகையை நகர்த்தும் உதவியாளர் தளத்துக்கு முதுகு காட்டியே இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. உயரமும் திசையும் முழுக்க வீரரின் கணக்கு.

அந்தத் தாய் இன்னொன்றும் எழுதியிருந்தார்: கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால்தான் பிள்ளைக்கு இப்படி என்று தெருவில் பேசுகிறார்களாம். அம்மா, அது பொய். குறைமாதப் பிறப்பு, ஆக்சிஜன் குறைவு, தொற்று, கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை இவற்றால் வளரும் மூளை பாதிக்கப்படலாம். நிலவின் நிழல் கருவறைக்குள் போகாது. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பயிற்சிக்குக் காசு கொட்ட வேண்டாம். நாலு இஞ்ச் பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்தால் சரிவுப்பலகை ஆச்சு. இதையே உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கியோடு மலிவாகச் செய்துதர நம் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் என்ன? பந்துக்குப் பழைய காலுறையை இரட்டையாக மடித்து, புளியமுத்தை அடைத்து, சுற்றளவு 27 சென்டிமீட்டர் வரும்படி தைத்துவிடுங்கள். வாசப்படிக்கு முன்னாலேயே நிற்கும்.