ஸ்கேலைத் தின்ற ரப்பரும் பழைய மாடல் டாங்கியும்

பள்ளி நாட்களில் ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பரை விட்டுவிட்டு, கோடை விடுமுறை முடிந்து திறந்தால் அது பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் ஸ்கேலில் ஒரு பள்ளம். மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கிய, டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் செஞ்சூரியன் டாங்கி மாடலின் சக்கரங்களிலும் அதே பள்ளங்களைப் பார்த்தேன். ஆவடியில் வளர்ந்த எனக்கு டாங்கி என்றாலே அங்கே தயாரான விஜயந்தாதான். ஆனால் 1965 போரில் இந்தியாவுக்காகச் சண்டையிட்ட செஞ்சூரியனை விட்டுவர மனம் வரவில்லை.

சக்கரம், பல ஸ்கேல்களைப் போலவே, பாலிஸ்டைரீன் என்ற கெட்டி பிளாஸ்டிக். அதைச் சுற்றியிருக்கும் கறுப்புச் செயின், பல ரப்பர்களைப் போலவே, பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளை, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கலப்பார்கள். அது பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலிகளோடு பிணைவதில்லை, நடுவில் புகுந்து அவற்றை வழுக்கவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்துக்குள் இறங்கிவிடும். சுத்தமான பாலிஸ்டைரீன் இளக ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த எண்ணெய் போதுமான அளவு ஏறிவிட்டால் அறை வெப்பமே போதும். சூட்டில் கசிவு இன்னும் வேகமாக நடக்கும். சென்னை வீட்டுப் பரணில் மே மாதம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இதில் என்னை வியக்க வைப்பது, மாடலை ஒட்டும் பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது. பசையிலுள்ள கரைப்பான் இரண்டு பாகங்களின் விளிம்பையும் கரைக்க, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போய்விட, இணைப்பு இறுகிவிடுகிறது. செயினின் எண்ணெய் ஆவியாவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் பள்ளத்தின் மேல் நேராகப் பூசினால் எதுவும் நிற்காது. பிசுபிசுப்பான பகுதியை, கெட்டியான பிளாஸ்டிக் தென்படும்வரை சுரண்டி எடுத்துவிட வேண்டும். மாடல் பாகங்கள் பொருந்தி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மீதித் துண்டுகளை அதே பசையில் கரைத்துக் கூழாக்கி அங்கே நிரப்பலாம். காய ஓரிரு நாள் ஆகும், பிறகு உப்புத்தாள். பழைய பெயின்டை எடுக்க ஹார்டுவேர் கடைத் தின்னரை மட்டும் தொடாதீர்கள். ஒரு முறை பெயின்டோடு பீரங்கிக் குழாயின் முனையும் கரைந்துபோனது.

மோட்டார் வைத்த மாடல் என்றால் பேட்டரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அல்கலைன் செல் கசிந்து பூத்த வெள்ளைப் பொடி காரம், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் அடங்கும்.

அறுந்த செயினுக்கு மாடல் பசை உதவாது, அது பிவிசியைப் பற்றாது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் ஊர் ஈரப்பதத்தில் சட்டென்று பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், வளைத்தால் உடையும். அதனால் கறுப்பு நூலால் தைத்தேன். தைத்த செயினுக்கும் சக்கரத்துக்கும் இடையே மெல்லிய அலுமினியத் தாள் ஒன்று வைத்தேன், உலோகத்தை ஊடுருவி எண்ணெய் போக முடியாது. செஞ்சூரியனின் பக்கவாட்டில் தொங்கும் தகடுகளுக்குப் பின்னால் தையல் மறைந்துவிட்டது.