சாதாளையும் மீன் கழிவும் எருவாக வேண்டுமென்றால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது; அதற்கு அடியில் கடல்நீர் கிடக்கிறது. குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. இந்த நிலத்தில் சாதாளையையும் (கரையொதுங்கும் கடற்தாவரம்) மீன் கழிவையும் எருவாக்கப் பிரதேச சபை எருக்கிடங்கு அமைப்பதானால், இயந்திரம் வாங்குவதற்கு முன் தரை போட வேண்டும். வெறும் மண்ணில் மீன் கழிவைக் குவித்தால் அதன் சாறு கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு இறங்கும். சாய்வான சீமெந்துத் தரை, சாறு வடிய ஒரு தொட்டி, மேலே கூரை. தொட்டிச் சாற்றைக் குவியலுக்கே திரும்ப ஊற்றலாம்.

அடுத்தது உப்பு. கரையொதுங்கிய சாதாளையை முழுவதும் அள்ளாமல், ஒரு பகுதியைக் கரைக்கே விட்டு, கையால் வாரி மணலை உதற வேண்டும். பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) விட்டால் மணலும் சேர்ந்து போய்க் கரை அரிக்கும். அலை எட்டாத மேட்டில் பரப்பி ஐப்பசி, கார்த்திகை மழைக்கு விட்டால் உப்புக் கழுவுப்பட்டுக் கடலுக்கே போகும். நல்ல தண்ணீரை இறைத்துக் கழுவுவது இங்கே வீண். கழுவாததைக் காற்றுப் புகாமல் குவித்தால், கடல்நீரின் சல்பேற்றை நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டாக மாற்றிவிடும். கூழ்முட்டை நாற்றம் ஊரைத் தூக்கும்.

கலவைக்கு: 100 கிலோ மீன் கழிவு, 230 கிலோ வைக்கோல், கழுவிய ஈரச் சாதாளை 250 கிலோ. காபன், நைதரசன் விகிதம் ஏறத்தாழ 25:1, ஈரப்பதம் பாதியளவு. சாதாளையின் ஈரமே போதும், வேறு தண்ணீர் பெரும்பாலும் தேவைப்படாது. அடியில் பனைமட்டையை ஒரு முழ உயரத்துக்கு அடுக்கினால் காற்று ஏறும். மீன் கழிவு விளிம்பிலிருந்து ஒரு அடி உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காகமும் நாயும் கிளறிவிடும். மேலே அரையடிக்குப் பழைய எருவை மூடினால் அதுவே மணத்தைப் பிடித்து வைக்கும். குவியல் 4 அடி உயரம். உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். குத்தி வைத்த இரும்புக் கம்பியை இழுத்தால் கை பொறுக்காத சூடு இருக்கும்.

மணம் வந்ததும் சுண்ணாம்பு தூவும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். காரம் கூடினால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். பயிருக்குப் போக வேண்டியது காற்றில் போகும். அமோனியா மணத்தால் மூக்கு எரிந்தால் வைக்கோல்தான் சேர்க்க வேண்டும்.

சபையின் உண்மையான வேலை காலத்தைப் பொருத்துவது. மீன் கழிவு நாள்தோறும் வரும், சாதாளை மழையோடு ஆயத்தமாகும், வைக்கோலோ காலபோக (மாரிமழை நெற்பயிர்) அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் கிடைக்கும். அப்போதே வாங்கித் தறப்பாளின் கீழ் அடுக்காத சபைக்கு ஆவணியில் மீன் கழிவு மட்டுமே மிஞ்சும். மாடு வளர்ப்போரும் வைக்கோலுக்குக் காத்திருப்பதால், காய்ந்த பனையோலையை நறுக்கிப் பாதி ஈடுகட்டலாம். உக்க அதிக காலம் எடுக்கும்.

எருவை விற்குமுன், அதன் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து மூட்டையில் எழுத வேண்டும். மண்ணின் நிறைசாற்றில் (நீர் நிறைந்த மண்ணிலிருந்து எடுக்கும் சாறு) அது மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸ் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். பீற்றூட் 4 வரை தாங்கும். உப்புக் கூடிய மூட்டையைச் செம்பாட்டு (செம்மண்) வெங்காயத் தோட்டத்துக்கு அனுப்பாமல் பீற்றூட்டுக்கோ தென்னைக்கோ கொடுங்கள்.