ப்ரபோர்ஷன்: விகிதமா, தாலமா, சாணா?

மனித உருவம் வரையத் தொடங்கும் எவருடைய காதிலும் முதலில் விழுவது, "அனாட்டமி சரியில்லை, ப்ரபோர்ஷன் இடிக்குது" என்பதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் இரண்டும் ஒன்றென்றே தோன்றிவிடும். நானும் அப்படி நம்பி, ஒரு வருடம் முழுக்கத் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். படத்தில் இருந்த பெரியவர்களுக்கோ கைகள் மட்டும் குழந்தைக் கைகளாகவே இருந்தன.

அனாட்டமி என்பது கிரேக்கச் சொல்; அறுத்துத் திறப்பது என்று பொருள். தமிழில் உடற்கூறு. சந்தையில் மீனைக் கூறு போடுகிறார்களே, அதே கூறுதான். இவ்வளவு பொருத்தமாக ஒரு கலைச்சொல் அமைவது அரிது. அதனால்தான் உடற்கூறாய்வு என்ற சொல்லைச் செய்தித்தாளில் படிக்கும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

சிக்கல் ப்ரபோர்ஷனில்தான், அதாவது ஓர் உறுப்பின் அளவு மற்ற உறுப்புகளோடும் முழு உடம்போடும் பொருந்துவதில்தான். லத்தீனில் 'பங்குக்கு ஏற்ப' என்ற பொருளில் பிறந்த சொல் அது. நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் விகிதசமம் என்கிறது, இலங்கையில் விகிதசமன் என்பார்கள். தேர்தல் செய்தியில் விகிதாசாரம். கணக்குக்கு இவை சரி. ஆனால் ஓவியம் பழகுகிறவரிடம் விகிதம் என்றதும் அவர் எண்ணைத் தேடப் போய்விடுகிறார். பார்க்க வேண்டிய உடம்பை விட்டுவிடுகிறார்.

நம் சிற்பிகளிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: தாலம். வடமொழியிலிருந்து வந்தது. விரித்த கையில் கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையே உள்ள நீளம் அது. சிற்பக் கணக்கில் முகத்தின் நீளம், அதாவது மோவாயிலிருந்து முன்மயிர் தொடங்கும் இடம் வரை, ஒரு தாலம். அது 12 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ள இஞ்ச் அல்ல, அந்தச் சிலையின் முகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நவதாலம் என்றால் ஒன்பது முகம், 108 அங்குலம்: முகம் 12, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு 12, அங்கிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து குறியின் அடி 12, தொடை 24, முழங்கால் 4, கணுக்கால் வரை 24, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பெருந்தெய்வங்களுக்கான உத்தம தசதாலம், அதாவது பத்துத் தாலத்தின் உயர்ந்த வகை, 120 அல்ல, 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான். அந்தக் குட்டை உருவம் தற்செயலாக வந்ததல்ல.

பாட்டுக்குரியதைத் தாளம் என்றும் சிலைக்குரியதைத் தாலம் என்றும் எழுதுவது நல்லது. நவதாளம் என்று எழுதினால் படிப்பவர் மிருதங்கத்தை நினைத்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓவிய வகுப்பில் 'ஏழரைத் தலை', 'எட்டுத் தலை' என்று சொல்வது மோவாயிலிருந்து உச்சந்தலை வரையுள்ள அளவை. தாலம் முகத்தை மட்டும் அளக்கிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னார்: ஆளின் முழு உயரத்தில் தலை எட்டில் ஒன்று, முகம் பத்தில் ஒன்று. கையும், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, பத்தில் ஒன்று. அப்படியானால் கை முகத்தளவு இருக்க வேண்டும். உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்து முகத்தை மூடிப் பாருங்கள், விரல் நுனி நெற்றியின் மேற்பகுதிக்குப் போய்விடும். என் படங்களில் இருந்த குழந்தைக் கைகள் அன்றோடு போயின.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? பொதுச் சொல்லாக 'அளவுப் பொருத்தம்' போதும் என்பது என் கருத்து. பொருத்தம் என்றாலே ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பதுதானே. அளக்கும் அலகுக்குச் 'சாண்' இருக்கிறது. 'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்று பாட்டிமார் சொல்வதிலேயே பாடம் முழுக்க இருக்கிறது: அவரவர் கையால் அவரவர் உடம்பு ஏறத்தாழ எட்டுச் சாண். அளவுகோல் வெளியில் இல்லை, உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

சுவாமிமலை ஸ்தபதிகள் இதை ஓலையில் செய்கிறார்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாலக் கணக்குப்படி மடிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். எத்தனை உயரச் சிலையானாலும் ஓலை நீளம் மாறும், மடிப்பு முறை மாறாது. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கருவி தெரியவில்லை. வரையப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுப் பங்கு. உயரத்தின் பாதி இடுப்புக்குக் கீழே, கால்கள் பிரியும் இடத்துக்கு அருகில் விழும். கால்களைக் குட்டையாக வரையும் பழக்கம் அங்கேயே பிடிபட்டுவிடும். அப்புறம் கண். அது தலையின் நடுவில் இருக்கிறது. தொடக்கத்தில் எல்லோரும் மேலே ஏற்றிவிடுகிறோம்.

பட்டை நிற்கும் உருவத்துக்கு உதவும். நம்மை நோக்கிக் கால் நீட்டி உட்கார்ந்தவரை வரையும்போது தொடை ஒரு சாண்கூடத் தெரியாது. எலும்பு சுருங்கவில்லை, பார்வைக்குத்தான் குறுகுகிறது. அப்போது பட்டையை வைத்துவிட்டு, முழங்கால் எலும்பு எங்கே துருத்துகிறது, இடுப்பெலும்பின் முனை எங்கே என்று முதலில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் சதையைப் பிறகு வரையுங்கள். உடற்கூறு படிக்க வேண்டியது அந்த இடத்திலிருந்துதான்.